மேளகர்த்தாவில் பிறந்த பியானோ இசை

ஜான் ஃபோல்ட்ஸ் என்ற ஆங்கிலேய இசையமைப்பாளர் 1920-க்கும் 1927-க்கும் இடையே பியானோவுக்காக எழுதிய ஆறு சிறு படைப்புகள் உண்டு. தொகுப்பின் பெயர் ‘எஸ்ஸேஸ் இன் தி மோட்ஸ்’, அவருடைய படைப்பு வரிசையில் 78-ஆம் எண். எக்சாட்டிக், இன்ஜெனுவஸ், இன்ட்ரோவர்சிவ், மிலிட்டரி, ஸ்ட்ரோஃபிக், பிரிஸ்மிக் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைப்பு. தலைப்புகளைப் பார்த்தால் நம் ஊரோடு ஒட்டும் எதுவும் தெரியாது. ஆனால் ஒவ்வொரு படைப்பும் ஏழே ஸ்வரங்களை எடுத்துக்கொண்டு, தொடக்கம் முதல் முடிவு வரை அந்த ஏழைத் தாண்டி வேறொரு கட்டையைத் தொடுவதில்லை. அந்த ஏழு ஸ்வரங்களைத் தேர்ந்தெடுக்கும் கணக்கு தஞ்சாவூரில் பிறந்தது. வேங்கடமகி என்ற இசை அறிஞரின் 72 மேளகர்த்தாதான் அது.

தஞ்சை நாயக்கர் அரண்மனையில் 17-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட ஒரு சாஸ்திர நூல், முந்நூறு ஆண்டு கழித்து ஐரோப்பிய பியானோவில் எப்படிப் போய் உட்கார்ந்தது? இந்தக் கதையைத் தமிழில் யாரும் விரிவாகச் சொல்லி நான் படித்ததில்லை. நம் வீட்டுப் பொருள் ஒன்று இவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதற்காகவே சொல்லத் தோன்றுகிறது.

முதலில் கணக்கு. இசை படிக்காதவர்களும் விரலை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம். ஸ, ப இரண்டும் அசையாதவை. ஸவுக்கும் சுத்த மத்யமத்துக்கும் நடுவே பியானோவில் நான்கு கட்டைகள் இருக்கின்றன. அவற்றிலிருந்து ரி, க என்று இரண்டை எடுக்க ஆறு வழி. பவுக்கும் மேல் ஸவுக்கும் நடுவே இன்னொரு நான்கு. த, நி எடுக்க மறுபடி ஆறு வழி. மத்யமம் இரண்டு வகை. ஆறாறு முப்பத்தாறு, அதன் இரு மடங்கு எழுபத்திரண்டு. இப்படிக் கிடைக்கும் ஒவ்வொரு ஏழு ஸ்வர வரிசையும் ஒரு மேளம். இவ்வளவுதான் சட்டகம். எந்த நாட்டு மனிதன், ஸவும் பவும் நிலையாக நிற்க ஏழு ஸ்வரத்தில் பாடினாலும், இந்தக் கணக்குக்குள் எங்காவது வந்துதான் ஆகவேண்டும்.

வேங்கடமகி ‘சதுர்தண்டி பிரகாசிகை’யில் இதை எழுதியபோது, அவர் காலத்தில் வழக்கில் இருந்த மேளங்கள் 19 மட்டுமே. மீதி 53 எதற்கு என்ற கேள்வியை அவரே எழுப்பிக்கொண்டு பதிலும் சொல்கிறார். பல தேசத்து மனிதர்கள், பல ரசனைகள். இன்று இருக்கும் ராகங்களுக்கு மட்டுமல்ல, இனி உண்டாகப் போகிறவற்றுக்கும் இடம் வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். அந்தப் பதிலைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மான்செஸ்டர்க்காரரான ஃபோல்ட்ஸ் நினைவுக்கு வருகிறார். அவரும் அந்தப் பல தேசத்து மனிதர்களில் ஒருவர்தானே.

ஃபோல்ட்ஸ் 1880-இல் மான்செஸ்டரின் ஹல்ம் பகுதியில் பிறந்தார். அப்பா புகழ்பெற்ற ஹாலே ஆர்க்கெஸ்ட்ராவில் பஸூன் வாசித்தவர். மகன் 1900-இல் அதே ஆர்க்கெஸ்ட்ராவில் செல்லோ வாசிக்கச் சேர்ந்தார். அப்போது நடத்துநர் ஹான்ஸ் ரிக்டர். இசைக் கல்லூரிப் பட்டம் கிடையாது. வாத்தியக் குழுவின் நடுவே உட்கார்ந்து, காதால் கற்ற மனிதர். இருபது வயதுக்குள்ளேயே, 1890-களின் கடைசியில், பியானோவின் இரண்டு கட்டைகளுக்கு நடுவே விழும் கால் ஸ்வரங்களைத் தன் இசையில் எழுதிப் பார்த்திருக்கிறார். ஐரோப்பாவில் வேறு யாரும் அதைப் பெரிதாகத் தொடாத காலம். பன்னிரண்டு கட்டைகள் போதவில்லை என்ற தவிப்பு இந்தியாவின் வாசனைகூட அறியாத வயதிலேயே அவருக்குள் இருந்தது என்பதை நான் முக்கியமாக நினைக்கிறேன். அவர் கிழக்கைத் தேடி வந்தவர் அல்ல. தனக்கு வேண்டியதைத் தேடிக்கொண்டிருந்தவரிடம் கிழக்கு வந்து சேர்ந்தது.

சோற்றுக்கு வேறு இசை எழுதினார். 1911-இல் வந்த ‘கெல்டிக் சூட்’டில் உள்ள ‘கெல்டிக் லமென்ட்’ என்ற இனிமையான மெட்டு அவரை வீடுதோறும் கொண்டுபோய்ச் சேர்த்தது. நாடகங்களுக்கும் நிறைய இசையமைத்தார். பெர்னார்ட் ஷாவின் ‘செயின்ட் ஜோன்’ 1924-இல் லண்டனில் மேடையேறியபோது இசை இவருடையது. இந்த மெல்லிசைப் புகழே பின்னாளில் அவருடைய தீவிரமான படைப்புகளை மறைத்துவிட்டது.

மேளகர்த்தாவை அவரிடம் கொண்டுவந்தவர் மாட் மக்கார்த்தி என்ற பெண். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் அவர்தான்.

அயர்லாந்தில் 1882-இல் பிறந்த மாட், சிறு வயதிலேயே பெரிய மேடைகளில் வயலின் வாசித்த மேதை. இருபதுகளின் தொடக்கத்தில் கையில் நரம்பு வலி வந்து, கச்சேரி வாழ்க்கை அதோடு முடிந்தது. வயலினே உயிர் என்று வளர்ந்தவருக்கு இது எப்படிப்பட்ட இழப்பு என்று சொல்லத் தேவையில்லை. அந்த வெறுமையில் அவர் தியாசபி என்ற பிரம்ம ஞான இயக்கத்தின் பக்கம் திரும்பினார். 1907-இல் தியாசபிகல் சங்கத்தின் தலைவராகி அடையாற்றில் பொறுப்பேற்ற அன்னி பெசன்ட்டுடன் இந்தியாவுக்கு வந்தார். வாசிக்க முடியாத கையோடு வந்த வயலின் கலைஞர் இங்கே பாடக் கற்றார். காது மட்டும் மிச்சமிருந்தது, அதுவும் அசாதாரணமான காது. ஒரு ஸ்தாயிக்குள் 22 சுருதிகளையும் பிரித்துப் பாடிக் காட்டக்கூடியவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். ஊர் திரும்பியதும் இந்திய இசையைப் பற்றி இங்கிலாந்தெங்கும் பேசினார், பாடிக் காட்டினார். லண்டனின் மியூசிக்கல் அசோசியேஷன் என்ற அறிஞர் சபையில் 1912-இல் அவர் ஆற்றிய உரை அச்சில் இருக்கிறது. பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிக்கும் ஆர்மனி இல்லாத இசை வளராத இசை என்று நம்பிய கூட்டத்தின் முன்னால், ராகத்துக்கு ராகம் என்ற அளவிலேயே ஒரு முழுமை இருக்கிறது என்று அவர் வாதாடினார்.

1915-இல் ஃபோல்ட்ஸும் மாடும் சந்தித்தார்கள். இருவருக்கும் அப்போது வேறு துணைகள் இருந்தனர். அந்தக் குடும்பச் சிக்கல் தீர்ந்து முறைப்படி மணந்துகொள்ள 1932 ஆகிவிட்டது. ஆனால் இசையில் அவர்கள் சந்தித்த நாளிலிருந்தே கூட்டாளிகள். கால் ஸ்வரத்தைத் தேடிக்கொண்டிருந்தவருக்கு, அதைத் தொண்டையில் வைத்திருந்தவர் கிடைத்தார்.

இங்கே குஸ்டாவ் ஹோல்ஸ்ட்டைச் சொல்லாமல் போனால் நியாயமாகாது. ‘தி பிளானெட்ஸ்’ எழுதிய அதே ஹோல்ஸ்ட், ஃபோல்ட்ஸைவிட ஆறு வயது மூத்தவர். லண்டனில் சமஸ்கிருதம் படித்து, 1908 முதல் 1912 வரை ரிக்வேதப் பாடல்களுக்குக் கோரஸ் இசை அமைத்தார். மகாபாரதத்துச் சாவித்திரி கதையைச் சிறிய ஆபராவாக எழுதினார். அழகான படைப்புகள். ஆனால் ஹோல்ஸ்ட் எடுத்துக்கொண்டது நம் சொற்களையும் கதைகளையும். ஃபோல்ட்ஸ் எடுத்தது ஸ்வரங்களின் அடுக்கை. இந்தியா என்றதும் பாம்பாட்டி மெட்டும் சந்தன வாசனையும் தேடிய அந்தக் காலத்து ஐரோப்பியக் கூட்டத்தில் இருவருமே சேரமாட்டார்கள். இருந்தாலும் ஃபோல்ட்ஸின் வழி கடினமானது. கதையைக் கடன் வாங்கினால் கேட்பவனுக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியும். ஸ்வர வரிசையைக் கடன் வாங்கினால் யாருக்கும் தெரியாது. இசை தன் காலில்தான் நிற்கவேண்டும்.

முதல் உலகப் போர் முடிந்தது. இறந்தவர்களுக்காக ‘எ வேர்ல்ட் ரெக்வியம்’ என்ற பிரம்மாண்டமான படைப்பை ஃபோல்ட்ஸ் எழுதினார். பைபிள் வாசகங்களோடு கபீரின் கவிதையையும் அதில் சேர்த்தார். 1923 நவம்பர் 11, போர்நிறுத்த நாள், லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாடகர்களும் வாத்தியக்காரர்களும் அதை அரங்கேற்றினார்கள். மகனையும் கணவனையும் இழந்தவர்கள் அரங்கை நிறைத்தார்கள். விமர்சகர்கள் இகழ்ந்தார்கள். 1926 வரை நடந்து, பிறகு நின்றுபோயிற்று. மனம் நொந்த ஃபோல்ட்ஸ் பாரிஸுக்குப் போனார்.

இந்தப் பெரிய ஆரவாரத்துக்குப் பக்கத்திலேயே, யாரும் கேட்காத இடத்தில் அந்தப் பியானோ துண்டுகள் ஒவ்வொன்றாகப் பிறந்துகொண்டிருந்தன. ஏன் பிறந்தன என்பதை ஒரு ஐரோப்பியக் காதோடு யோசித்தால் புரியும். அவர்களுடைய மேஜர் ஸ்கேல் நம் சங்கராபரணம், 29-ஆவது மேளம். மைனர் மூன்று வகை: நடபைரவி, கீரவாணி, கௌரிமனோகரியின் ஏறுவரிசை. பழைய தேவாலய முறைகளையும் சேர்த்துக்கொண்டால் கரகரப்பிரியா, தோடி, கல்யாணி, அரிகாம்போதி. மொத்தம் எட்டு. 72-இல் எட்டு! மீதியில் சிலதை அங்கங்கே சிலர் தொட்டிருக்கிறார்கள், ஆனால் முறையாக யாரும் நுழைந்ததில்லை. பக்கத்திலேயே ஷோன்பெர்க் போன்ற இசையமைப்பாளர்கள் மேஜர், மைனர் தீர்ந்துவிட்டது என்று சொல்லி, பன்னிரண்டு ஸ்வரத்துக்கும் சம உரிமை கொடுத்து வேறு பாதையில் போய்க்கொண்டிருந்தார்கள். எட்டு அறைகளில் மட்டும் குடியிருந்துவிட்டு வீட்டையே இடித்துவிடலாம் என்கிறீர்களே, மற்ற அறைகளைத் திறந்து பார்த்தீர்களா என்பதுதான் ஃபோல்ட்ஸின் வாதம்.

கதவைத் திறந்ததும் அவர் வைத்துக்கொண்ட விதி கண்டிப்பானது: ஒரு படைப்பு, ஒரு மேளம், வெளி ஸ்வரம் கூடாது. மேற்கத்திய இசையமைப்பாளருக்கு இது கையைக் கட்டிப்போடுவது போன்றது. சுருதி மாறி மாறிப் போவதுதான் அவர்களுடைய நாடகமே. அதை விட்டுவிட்டு ஒரே இடத்தில் நின்று, தாளத்தாலும் கோர்வையாலும் ஸ்தாயிகளின் உயரம் தாழ்வாலும் வேறுபாடு காட்டவேண்டும். ராகம் பாடுகிறவர் எந்தக் கட்டுப்பாட்டில் நிற்கிறாரோ அதே கட்டுப்பாடு.

கேரள மலையூரான சின்னக்கானலில் இருந்துகொண்டு இந்த இசையை இணையத்தில் கேட்கிறவன் நான். இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் நம் ஆட்களுக்கு வீட்டு வானொலி என்றால் மலைக்கு அந்தப்புறமிருந்து வரும் கொடைக்கானல் பண்பலைதான். கர்நாடக இசை என்றால் காலையில் அதில் கொஞ்சம் கேட்பதுதான். அந்தப் பழக்கத்தோடு ஃபோல்ட்ஸைக் கேட்டபோது, முதலில் வந்தது ஏமாற்றம். ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகம் இல்லை. தோடியின் காந்தாரம் நம் பாடகர் வாயில் ஒரு இடத்தில் நிற்காது, ரியிலிருந்து மவுக்குப் போய் வந்து அசைந்துகொண்டே இருக்கும். பியானோவின் கட்டையோ ஆணி அடித்த மாதிரி ஒரே இடத்தில். ஸ்வரத்தை எடுத்தார், ராகத்தை எடுக்கவில்லை என்று தோன்றியது. திரும்பத் திரும்பக் கேட்டபின் அதையே நேர்மை என்று சொல்வேன். தன்னால் எடுத்துப் போக முடிந்ததை மட்டுமே அவர் எடுத்துப் போனார். அரைகுறையாகக் கமகம் செய்து ‘இந்தியா’ காட்டவில்லை. மேளம் என்பது ராகத்துக்குத் தாய்தான், ராகம் அல்ல. அந்தத் தாய்க்குப் பிறந்த இன்னொரு பிள்ளை ஃபோல்ட்ஸின் இசை. நம் ராகங்களின் சாயல் அதில் இருந்தாகவேண்டும் என்று கேட்க நமக்கு உரிமையில்லை.

அதே ஆண்டுகளில் சென்னையில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று பாருங்கள். கவிகுஞ்சர பாரதியின் பேரன் கோடீஸ்வர ஐயர், 1870-இல் பிறந்தவர், 72 மேளங்களிலும் முருகன் மீது தமிழில் கிருதி செய்துகொண்டிருந்தார். ‘கந்த கானாமுதம்’ என்று அது நூலானது. 72-இல் 40 விவாதி மேளங்கள். பாடினால் ஆகாது என்று பலர் ஒதுக்கிவைத்தவை. கோடீஸ்வர ஐயர் அவற்றுக்குள்ளும் துணிந்து போனார். ஒருவரை ஒருவர் கேள்விப்பட்டிராத இரண்டு பேர், ஒருவர் முருகனுக்காகவும் ஒருவர் பியானோவுக்காகவும், வேங்கடமகி எதிர்காலத்துக்கு என்று விட்டுவைத்த அதே இடங்களில் ஒரே காலத்தில் நுழைந்திருக்கிறார்கள். தமிழ் இசை வரலாற்றில் இந்த இரு நிகழ்ச்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதவேண்டும் என்பது என் விருப்பம்.

பியானோவோடு ஃபோல்ட்ஸ் நிற்கவில்லை. ‘அவதாரா’ என்ற சமஸ்கிருத ஆபரா ஒன்றை முயன்று கைவிட்டார். அதன் மூன்று அங்கங்களுக்கு முன்னுரையாக எழுதியவை மட்டும் ‘மூன்று மந்திரங்கள்’ என்று மிஞ்சின. மூன்றாவதான ‘இச்சையின் மந்திரம்’, பெரிய ஆர்க்கெஸ்ட்ரா முழுவதையும் ஒரே ஏழு ஸ்வரத்துக்குள் வைத்து விரட்டும் படைப்பு. கேட்கும்போது மூச்சு முட்டும். 1931-இல் எடின்பரோவில் அரங்கேறிய ‘டைனமிக் டிரிப்டிக்’ பியானோவும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்தது. அதன் முதல் பகுதி ஒரு மேளத்துக்குள் நிற்கிறது; இரண்டாம் பகுதியில் தந்தி வாத்தியங்கள் கால் ஸ்வரங்களில் வழுக்கிக்கொண்டு போகின்றன. பியானோவால் முடியாததை வயலினிடம் கொடுத்துவிட்டார். 1934-இல் ‘மியூசிக் டுடே’ என்ற நூலில் தன் எண்ணங்களையெல்லாம் தொகுத்தார்; ஸ்வர வரிசைகளின் பட்டியலும் அதில் உண்டு.

1935-இல் குடும்பத்தோடு இந்தியாவுக்கே வந்துவிட்டார். டெல்லியில் வானொலி நிலையம் 1936 ஜனவரி 1-ஆம் தேதி தொடங்கியது. ஃபோல்ட்ஸ் அங்கே ஐரோப்பிய இசைப் பிரிவின் பொறுப்பாளரானார். ஆனால் அவர் செய்த காரியம் அந்தப் பதவியின் பெயருக்குப் பொருந்தாது. நம் வாத்தியக்காரர்களைச் சேர்த்து, ஸ்வரக் குறியீட்டைப் படிக்கப் பழக்கி, இந்திய வாத்தியங்களாலான ஆர்க்கெஸ்ட்ரா ஒன்றை உருவாக்கினார். 1938-இல் அது வானொலியில் ஒலித்தது. ஆண்டுக் கணக்கில் செவிவழியே கற்ற வித்வான்களைக் காகிதம் பார்த்து ஒன்றாக வாசிக்கச் செய்வது எவ்வளவு பொறுமை கேட்கும் வேலை என்று, ஒரு கோயில் பஜனைக் குழுவை ஒழுங்கு செய்து பார்த்தவர்களுக்குக்கூடத் தெரியும்.

அதே 1938-இல் வானொலியின் இதழான ‘இந்தியன் லிசன’ரில் ஆர்மோனியத்தைக் கண்டித்து ஒரு கட்டுரை எழுதினார். கட்டைகள் ஒரே இடத்தில் நிற்கும், சுருதிகளுக்கு இடமில்லை, இந்தியக் காதையே இது கெடுத்துவிடும் என்பது சாரம். புதிய கருத்து அல்ல. ஈழத்துத் தமிழர் முத்து குமாரசாமியின் மகன் ஆனந்த குமாரசாமி முன்பே சொன்னதுதான். நம் பாரதியும் தன் சங்கீதக் கட்டுரையில் ஆர்மோனியத்தைச் சாடியிருக்கிறார். தாகூருக்கும் அது ஆகாது. ஆனால் ஃபோல்ட்ஸ் எழுதியது வானொலிக்குள்ளிருந்து. 1940 மார்ச் 1 முதல் அகில இந்திய வானொலியில் ஆர்மோனியம் தடை செய்யப்பட்டது. 1971 வரை அந்தத் தடை நீடித்தது.

ஃபோல்ட்ஸின் காது சொன்னது சரி. தடை சரியில்லை. வயலின் பக்கவாத்தியமாக இருந்த கர்நாடகக் கச்சேரிக்கு இதனால் நஷ்டம் எதுவுமில்லை. சங்கரதாஸ் சுவாமிகள் மரபில் வந்த நாடக மேடையிலோ ஆர்மோனியப் பெட்டி வாசிப்பவர்தான் பாதி உயிர். கிட்டப்பா பாட, அண்ணன் காசி ஐயர் பெட்டி வாசித்த ஜோடியைத் தமிழ்நாடு மறக்காது. இந்த மலைகளுக்கு மதுரையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வேலைக்கு வந்த சனத்துக்குப் பியானோவும் வீணையும் எட்டாதவை. கையில் தூக்கிக்கொண்டு மலையேறக்கூடியது பெட்டி. சின்னக்கானல் பக்கத்தில் ஐயப்பன் பஜனை என்றால் இன்றைக்கும் பெட்டி வேண்டும். ஒரு வாத்தியத்தின் குறையைச் சொல்வது கலைஞனின் கடமை. அதை வாசிக்கிறவனை வாசலோடு நிறுத்துவது வேறு. மேளகர்த்தாவை அசையாத கட்டையில் வைத்தே இத்தனை அற்புதம் செய்தவர், இன்னொரு அசையாத கட்டைக்கும் கொஞ்சம் இடம் விட்டிருக்கலாம். ஃபோல்ட்ஸ் மீதுள்ள மரியாதை குறையாமலேயே இதைச் சொல்கிறேன்.

அந்தத் தடையை அவர் பார்க்கவில்லை. 1939-இல் கல்கத்தா நிலையத்துக்கு மாற்றப்பட்டுப் போன சில நாட்களிலேயே, ஏப்ரலில், காலராவில் இறந்தார். வயது 58. மாட் பின்னாளில் துறவியாகி சுவாமி ஓமானந்த பூரி என்ற பெயரோடு வாழ்ந்து 1967-இல் மறைந்தார். ஃபோல்ட்ஸ் இந்தியாவில் எழுதியவற்றில் பல தொலைந்துவிட்டன. கிழக்கையும் மேற்கையும் இணைத்து எழுதிய சிம்பொனி அவற்றில் ஒன்று. இங்கிலாந்தில் 1970-களில் மால்கம் மக்டொனால்டு என்ற ஆய்வாளர் ஃபோல்ட்ஸின் மகளைத் தேடிப் போய், எஞ்சிய கையெழுத்துப் பிரதிகளைப் பார்த்து எழுதத் தொடங்கிய பிறகுதான் உலகம் மெல்லத் திரும்பிப் பார்த்தது. 1980-களில் ‘டைனமிக் டிரிப்டிக்’ இசைத்தட்டானது, 1990-களில் ‘மூன்று மந்திரங்கள்’. நடத்துநர் சக்காரி ஓரமோ பர்மிங்ஹாம் ஆர்க்கெஸ்ட்ராவோடு இவற்றை மறுபடி பதிந்தார். 2007 நவம்பர் 11 அன்று ‘வேர்ல்ட் ரெக்விய’மும் அதே ஆல்பர்ட் ஹாலுக்குத் திரும்பியது.

இந்திய வாத்தியங்களாலான ஆர்க்கெஸ்ட்ரா என்று டெல்லியில் ஃபோல்ட்ஸ் விட்டுப்போன எண்ணமும் சாகவில்லை. 1952-இல் அகில இந்திய வானொலி ‘வாத்ய விருந்தா’ என்ற தேசிய வாத்தியக் குழுவைத் தொடங்கியபோது ரவிசங்கரோடு அதை நடத்தியவர் நம் வயலின் வித்வான் டி.கே. ஜெயராம ஐயர்.

சென்னையில் இன்று பியானோவில் தேர்ந்த பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள்; கர்நாடக இசையும் சேர்த்துப் படிக்கிறவர்கள். மார்கழிக் கச்சேரி மேடை ஒன்றில், ஃபோல்ட்ஸின் ஒரு படைப்பையும் அது நிற்கும் மேளத்தில் கோடீஸ்வர ஐயரின் கிருதியையும் அடுத்தடுத்து வைத்து யாராவது வழங்கவேண்டும். முதலில் கிருதி, கமகத்தோடு, தமிழில். பிறகு பியானோ. ஆறு படைப்புகளுக்கும் அச்சிட்ட ஸ்வரத் தாள் உண்டு. கந்த கானாமுதம் கையில் இருக்கிறது. இதற்கென்று புதிதாக எதுவும் எழுதவேண்டியதில்லை.